இடது கால் உணவு, வலது கால் இயற்கை

எண்ணூர் ஆறு சமநிலையில் இல்லை என்பதை, நகரத்தின் நடுவே நல்ல குளிரூட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த சூட்டோடு ஒரு வாரியமும் அமைத்தார்கள். அதன் பெயர் உணவு உற்பத்திப் பெருக்கம் மற்றும் இயற்கைச் சூழல் பேணல் சமநிலைப்படுத்து வாரியம். திருவொற்றியூரில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் அலுவலகம் திறந்தபோது பெயர்ப்பலகையில் இடம் போதவில்லை. கடைசிச் சொல்லான 'வாரியம்' மட்டும் கீழே கடைப் பலகையின் ஓரத்துக்கு இறங்கிவிட்டது. அதைப் பார்த்து, அரசு விலையில் தலையணை கிடைக்கும் என்று மாடியேறி வந்தவர்கள் உண்டு.

வாரியத்தின் சின்னம் தராசு. ஒரு தட்டில் இறால், இன்னொரு தட்டில் நாரை. நாரையின் சாப்பாடே அந்த இறால்தான் என்பது சின்னம் வரைந்தவருக்குத் தோன்றவில்லையோ, தோன்றியும் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டாரோ, தெரியாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைத் தராசு ஆபீஸ் என்று சுருக்கிவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். முழுப்பெயரை இன்னும் இரண்டு தடவை எழுதினால் கதைக்கு இடம் இருக்காது.

தராசு ஆபீசிடம் மாட்டிக்கொண்டவர் கஸ்பார். ஆற்றோரக் குப்பத்தில், மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் வீடு. படகு கிடையாது, வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முட்டிபோட்டு நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்று வைத்திருந்தார். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஆற்றில் இருக்கும்வரை கஸ்பார் பேச மாட்டார். கரையேறியதும் அதற்கும் சேர்த்து வைத்துப் பேசுவார். அவர் மனைவி ஆலிஸ் திருவொற்றியூர் மார்க்கெட்டில் இறால் விற்கிறவள். அவளுக்கு அப்படி ஓய்வு நேரம் எதுவும் கிடையாது, எப்போதும் பேசுவாள்.

ஆறு முழுக்க இறால் ஒரே மாதிரி கிடைக்காது. கோரமடு என்கிற இடத்தில்தான் கை நிறையக் கிடைக்கும். எல்லாரும் அங்கேயே போய் விழுந்தால் இரண்டே மாதத்தில் மடு காலியாகிவிடும், மண்டையும் உடையும். அதற்காகக் குப்பத்தில் பாடு என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முறை வைத்து இறங்குவதுதான் பாடு. இன்று இந்த வீட்டுப் பாடு என்றால் மற்ற வீட்டார் மடுவின் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். எல்லா வீடும் ஒரு சுற்று முடிந்து மறுபடி நம் பாடு வரப் பல வாரம் ஆகும். தொடர்ந்து மூன்று பாடு இறங்காமல் விட்டால் அந்த வீட்டுக்குப் பாடே போய்விடும். காத்திருக்கும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாடு போனவன் கன்டெய்னர் யார்டில் லாரிக்குக் கொக்கி மாட்டப் போக வேண்டியதுதான். கஸ்பாரின் அண்ணன் சைமன் அப்படித்தான் போனார். இப்போது ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து, லாரிக்குள் உட்கார்ந்து பார்க்கிறார்.

தராசு ஆபீஸ் முதலில் மக்களிடம் கருத்துக் கேட்டது. மக்களைக் கூட்டத்துக்கு வரவழைத்தால் அவர்கள் வேலை கெடும்; அதனால் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ நல்லவர் உத்தரவு போட்டிருந்தார். அதன்படி இயக்குநர் அன்பரசனும் உதவி அலுவலர் ராமசெல்வியும் ஒரு விசைப்படகில் ஆற்றுக்கு வந்தார்கள். ஆற்றில் அங்கங்கே ஆட்கள் கழுத்தளவு தெரியக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் பறிக்கயிறு.

இயக்குநர் ஒலிபெருக்கியை எடுத்தார். “இந்த ஆற்றை உணவுப் பகுதி என்றும் இயற்கைப் பகுதி என்றும் இரண்டாகப் பிரிப்பதிலும், கோரமடு ஓரத்தில் வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டுவதிலும் உங்களில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இருந்தால் தயங்காமல் வாய்திறந்து சொல்லலாம்.”

“ம்ம்ம்ம்!” என்றார்கள் எல்லாரும்.

கயிற்றை விட்டுவிட்டுப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பாதி நிறைந்த பறி நீரோட்டத்தில் கவிழ்வதை நீங்கள் பார்த்ததில்லை. கஸ்பார் தலையைப் பலமாக ஆட்டினார். சேற்றுக்கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கையைத் தூக்கினார்கள். இயக்குநர் நெகிழ்ந்துபோய்த் தானும் கையை அசைத்தார். ராமசெல்வி எழுதிக்கொண்டாள்: ஆட்சேபணை எவரும் தெரிவிக்கவில்லை, மக்கள் கை உயர்த்தி ஆதரவு அளித்தனர், ஒருவர் மட்டும் அளவுக்கு மீறிய உற்சாகத்துடன் காணப்பட்டார். கஸ்பார் கரையேறி வாயைத் திறந்தபோது படகு பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது.

அடுத்த மாதமே ஆற்றின் நடுவே மஞ்சள் பீப்பாய்களைக் கயிற்றில் கோத்து வரிசையாக மிதக்க விட்டார்கள். இந்தப் பக்கம் உணவு, அந்தப் பக்கம் இயற்கை. எங்கே பிரிக்கலாம் என்று யாரைக் கேட்டார்களோ, கயிறு சரியாகக் கோரமடுவின் குறுக்கே போனது.

கஸ்பாரின் பாடு வந்த காலையில் அவர் வழக்கம்போல இறங்கினார். பறி பாதி நிறைந்திருக்கும். விசைப்படகு பக்கத்தில் வந்து நின்றது.

“அப்படியே நில்லுங்க, அசையாதீங்க” என்றாள் ராமசெல்வி. “உங்க இடது கால் உணவுப் பகுதியில இருக்கு. வலது கால் இயற்கைப் பகுதியில இருக்கு.”

கஸ்பார் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். “ரெண்டு காலும் என்னுதுதான் மேடம்.”

“அதுதான் பிரச்சினையே. இந்த இறாலை எந்தக் கால் பக்கம் இருந்து பிடிச்சீங்க?”

“கையால தடவிப் புடிச்சேன். அது இந்தாண்ட ஓடும், அந்தாண்ட ஓடும். அது பின்னாடியே கையும் போவும். அதுக்கு இன்னா பண்றது?”

“இந்தப் பக்கம் பிடிச்சா உற்பத்தி. அந்தப் பக்கம் பிடிச்சா குற்றம்.”

அவள் பின்னால், கரையிலிருந்து ஒரு பெரிய குழாய் சாம்பல் நிறத்தில் வெந்நீரை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. கஸ்பார் அதைக் கையால் காட்டினார். “அது இன்னா மேடம், உணவா, இயற்கையா?”

ராமசெல்வி திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நேர்மையாகவே யோசித்தாள். “அது ரெண்டும் இல்ல. அதனால எங்க வரம்புக்குள்ள வராது” என்றாள்.

பிறகு பறியில் இருந்த இறாலைச் சரிபாதியாகப் பிரித்தாள். வலது காலுக்கு உரிய பாதியை இயற்கையிடம் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி ஆற்றில் விட்டாள். இடது காலுக்கு உரிய பாதி அனுமதி இல்லாத உற்பத்தி என்பதால் பறிமுதல் ஆனது. அனுமதி வாங்காமல் இனி எந்தக் காலையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படகு கிளம்பியது. ஓர் இறால்கூடக் கரைக்கு வராததால் குப்பத்து வழக்கப்படி அன்று கஸ்பார் இறங்காத கணக்கு ஆயிற்று.

மறுநாள் கஸ்பாரும் ஆலிசும் மெத்தைக் கடை மாடிக்குப் போனார்கள். இயக்குநர் அன்பரசன் நல்ல மனிதர். யாரையும் நிற்க வைக்க மாட்டார், உட்கார வைத்துத்தான் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை யாராலும் நிற்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

“கஸ்பார், நாட்டுல ஜனத்தொகை பெருகுது. உணவு பெருகணும். இயற்கையும் பெருகணும். உலகமே இதுல திணறிக்கிட்டு இருக்கு. நம்ம வாரியம் ஒரே வருஷத்துல ரெண்டையும் பெருக்கிக் காட்டிடுச்சு. எப்படின்னு கேளுங்க.”

கஸ்பார் கேட்கவில்லை. இயக்குநர் சொன்னார்.

“இறால் ஆத்துல உயிரோட இருக்கும்போது இயற்கைக் கணக்குல எழுதுறோம். அதையே பிடிச்சதும் உணவுக் கணக்குல எழுதுறோம். ஒரே இறால், ரெண்டு சாதனை!”

“நாங்க துன்னதுக்கு அப்பால?” என்று கேட்டாள் ஆலிஸ்.

“அது வேற துறை.”

அனுமதி வேண்டுமென்றால் உணவு உற்பத்தியாளராகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றார் இயக்குநர். தானே பேனாவை எடுத்து, தானே கேள்விகளையும் கேட்டார்.

“இறாலுக்கு என்ன தீவனம் போடுறீங்க?”

“ஒன்னியும் போடுறதில்ல சார்.”

“மருந்து?”

“அதுக்கு இன்னா ஒடம்புக்கு?”

“தொட்டி எத்தனை? காத்து அடிக்கிற மோட்டார் எத்தனை?”

“ஆறுதான் கீது சார். காத்து அதுவே அடிச்சிகினு கீது.”

“அப்போ இறால் எப்படி வளருது?”

கஸ்பாரை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஆலிசைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்தாள். “தானா வளருது சார்” என்றார்.

இயக்குநர் பேனாவை மூடிவிட்டார். “தானா வளர்ந்தா அது உற்பத்தியே இல்ல. செலவு இல்லாம வர்றதை உற்பத்தின்னு எப்படிச் சொல்றது? தீவனம், மருந்து, மின்சாரம், இதெல்லாம் இருந்தாத்தான் உணவு. நீங்க உற்பத்தியாளர் கிடையாது.”

“அப்ப நான் இன்னா சார்?”

“அதை வாரியம் கூடி முடிவு பண்ணும்.”

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் கஸ்பார் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எண்ணூர் வந்ததும், “நாப்பத்தஞ்சு வயசாச்சு, நான் இன்னான்னு இன்னும் தெரியில பாரேன்” என்றார். ஆலிஸ் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வாரியம் கூடுவதற்குள் கட்டடம் எழும்பிவிட்டது. கோரமடுவில் பாதியை இடிபாட்டுக் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்து அதன் மேல் கட்டினார்கள். மீதிப் பாதி மதிற்சுவருக்குள் அடைபட்டு, தோட்டத்துக் குளம் மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு அடியில் போட்ட குழாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் போய்வந்துகொண்டிருந்ததால் இறால் மட்டும் அதற்குள் இருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அது கஸ்பாரின் அடுத்த பாடு வரும் நாளாக அமைந்தது. அன்று யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது, அனைவரும் குடும்பத்துடன் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கைதட்ட வேண்டும் என்று குப்பத்துக்குத் தகவல் வந்தது.

“திருடன் வரக் கூடாதுன்னா காவல்காரன் தள்ளி நிக்கக் கூடாது” என்று இயக்குநர் மேடையில் முழங்கினார். “அதனாலதான் இந்தச் சதுப்பு நிலத்தைப் பாதுகாக்க நாங்க இதன் மேலேயே உட்கார்ந்துட்டோம்!”

கைதட்டினார்கள். முன்வரிசையில் தட்டாமல் இருந்தவர்களுக்கு ராமசெல்வி ஜாடை காட்டினாள்.

விழாவின் சிறப்பே தராசுதான். கொருக்குப்பேட்டைப் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புத் தராசு, இரண்டாள் உயரம். ஒரு தட்டில் உணவு, மறு தட்டில் இயற்கை. இரண்டும் சமமாக நிற்பதைத் நாட்டின் தலைநகரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் விரலால் தொட்டு அறிவிக்க வேண்டும். ஆற்று இறால் இயற்கைக் கணக்கில் இருந்ததால் வெளியூர்ப் பண்ணை இறாலை ஐஸ் பெட்டி பெட்டியாக வரவழைத்து உணவுத் தட்டில் கொட்டியிருந்தார்கள். இயற்கைத் தட்டில் ஓர் அலையாத்திக் கன்று, தொட்டியில் வைத்து, ரிப்பன் கட்டி.

தட்டுகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்ததும் உணவு தரையில் உட்கார்ந்தது. இயற்கை அந்தரத்தில் ஆடியது.

விருந்தினர் விரலை நீட்டியபடி நின்றார். இயக்குநர் ராமசெல்வியின் காதில் ஏதோ சொன்னார். அவள் ஆட்களோடு கரைக்கு ஓடினாள். கரையோரம் தானாக முளைத்திருந்த அலையாத்திக் கன்றுகளை வேரோடு பிடுங்கி வந்து தட்டில் அடுக்கினார்கள். போதவில்லை. இன்னும் பிடுங்கினார்கள். கரை மொட்டையாகிவிட்டது, தட்டு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

மார்க்கெட்டில் தினமும் தராசு பிடிக்கிற ஆலிசால் இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. நாற்காலி மேலேறிக் கத்தினாள். “அய்ய, இறால ரெண்டு கூடை எட்த்தா நேராப்பூடும்! இதுக்குப் போய் இவ்ளோ பேஜாரா?”

“உணவைக் குறைப்பதா?” இயக்குநர் ஒலிபெருக்கியில் அதிர்ந்தார். “உற்பத்தியைக் குறைப்பது வாரியத்தின் கொள்கைக்கே விரோதம். இயற்கைக்காக எந்தத் தியாகத்துக்கும் நான் தயார்!”

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி இயற்கைத் தட்டில் ஏறிவிட்டார். இயக்குநர் நல்ல சரீரம். இயற்கை சட்டென்று கீழே வந்தது, உணவு மேலே போனது. போன வேகத்தில் அத்தனை இறாலும் ஐஸ் தண்ணீரும் விருந்தினர் மீதும் முதல் மூன்று வரிசை மீதும் கொட்டியது. காக்கைகளும் குப்பத்து நாய்களும் விழாவில் கலந்துகொண்டன. அன்று மாலை வாரியம் வெளியிட்ட செய்திக் குறிப்பில், உணவு கடைக்கோடி மக்கள்வரை சென்று சேர்ந்தது என்றும், இயற்கை உறுதியாகக் காலூன்றியது என்றும் இருந்தது.

குப்பத்தில் மூன்று நாள் சிரித்தார்கள். கஸ்பாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மற்ற வீட்டார் சிலர் தங்கள் பாடு வந்த நாளில் காவலாளியின் கண்ணில் மண்ணைத் தூவி, சுவரேறிக் குதித்து, பறியில் நாலு இறாலாவது கொண்டுவந்து பாட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கஸ்பாருக்கு முட்டி வலி, சுவரேற முடியாது. அவருக்கு இரண்டு பாடு போய்விட்டது. குப்பத்துத் தலைவர் நீலமேகம் வீட்டுக்கே வந்தார்.

“கஸ்பாரு, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. அடுத்த தபாவும் உட்டேன்னு வெய்யி, எங்கையில ஒன்னியும் இல்ல. தௌசீஃபு வூட்ல மூணு வருசமா பாட்டுக்குக் காத்துகினு கீறாங்க.”

“நானா உட்டேன் தலிவரே? அந்தத் தராசு ஆபீசுக்காரன்...”

“தெரியுது நைனா. உனுக்குன்னு ஒரு நாயம் வெச்சா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவான். அப்பறம் பாடு இன்னாத்துக்கு?”

அண்ணன் சைமனுக்கு இதையே நீலமேகம் சொன்னபோது, நியாயம்தான் என்று தலையாட்டியவர்களில் கஸ்பாரும் ஒருவர். அவருக்குப் பயமாக இருந்தது. ஆற்றைத் தவிர வேறு எதையும் அவர் கை தொட்டதில்லை.

அந்தச் சமயத்தில் வாரியத்தின் முடிவு வந்து சேர்ந்தது. பறவைக் கணக்கெடுக்க வந்த நிபுணர்கள் கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, ஆற்றில் இறங்கும் அனைத்தையும் ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார்களாம். அதில் ஓர் உயிரினம் அதிகாலையில் தண்ணீரில் இறங்குகிறது, குனிந்து சேற்றைத் துழாவுகிறது, இறாலைப் பிடித்து வாயருகே தொங்கும் பையில் சேர்க்கிறது, வெயில் ஏறியதும் கரைக்குப் போய் அதிகச் சத்தம் எழுப்புகிறது என்று கண்டிருந்தது. அது உற்பத்தியாளர் அல்ல என்பது முன்பே முடிவாகிவிட்டதால், கஸ்பாரை இயற்கைப் பிரிவில் சேர்த்து உத்தரவு பிறப்பித்தார்கள். ராமசெல்வி நேரில் வந்து அவர் கணுக்காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் ஒன்றை மாட்டினாள்.

“இனிமே உங்களை யாரும் தடுக்க முடியாது” என்றாள் சந்தோஷமாக. “நீங்க பாதுகாக்கப்பட்டவர். இந்த வருஷம் இயற்கை பெருகினதுல உங்க குப்பம் மொத்தமும் சேர்ந்திருக்கு. ஒரே நிபந்தனை, பிடிச்சதை விக்கக் கூடாது. இயற்கை எதையும் விக்காது.”

“நான் புடிப்பேன், இவ விப்பா. இவ இன்னா?” என்று ஆலிசைக் காட்டினார் கஸ்பார்.

“அவங்க சில்லறை வணிகம். அது வேற துறை.”

கஸ்பார் வளையத்தோடு நேரே கோரமடுவுக்குப் போனார், முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று. கட்டட வாசலில் காவலாளி தடுத்தான். உத்தரவைக் காட்டினார். காவலாளி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“அண்ணே, நாய், மாடு, பறவை, பாம்பு எதுவும் வளாகத்துக்குள்ள வரக் கூடாதுன்னு எனக்குக் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. நீங்க இயற்கைன்னு இதுல போட்டிருக்கு.”

கஸ்பார் குனிந்து வளையத்தைக் கழற்றினார். “இப்ப?”

“இப்ப நீங்க வெளியாள். வெளியாளும் வரக் கூடாது.”

சுவருக்கு அந்தப் பக்கம் இறால் துள்ளுகிற சத்தம் கேட்டது. கஸ்பார் வீட்டுக்கு வந்து ஆலிசிடம், யார்டில் ஆள் எடுக்கிறார்களா என்று அண்ணனைக் கேட்கச் சொன்னார். ஆலிஸ் வாய்க்கு வந்தபடி திட்டினாள், அவரையும், தராசு ஆபீசையும், சேர்த்து மெத்தைக் கடையையும். திட்டிவிட்டுச் சைமனுக்குப் போன் செய்யாமல் படுத்துக்கொண்டாள்.

கஸ்பாரின் மூன்றாவது பாடு ஐப்பசி அமாவாசையில் விழுந்தது. அதற்கு நாலு நாள் முன்னிருந்தே மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏரிகளைத் திறந்துவிட்டார்கள். கீழே அமாவாசைக் கடல் பொங்கி, ஆற்றுத் தண்ணீரை உள்ளே வாங்க மாட்டேன் என்றது. நடுவில் அகப்பட்ட தண்ணீர் தனக்குப் பழக்கப்பட்ட இடங்களைத் தேடிக்கொண்டு போனது. குப்பம் கொஞ்சம் மேடு, தப்பியது. தராசு ஆபீஸ் மடுவின் மேல் இருந்தது.

பொழுது விடிந்ததும் கஸ்பார் பறியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆலிசும் நீலமேகமும் பின்னால் போனார்கள். பாதிக் குப்பமும் குடையோடு போனது. மதிற்சுவர் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வாயிற்கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. காவலாளி தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். யாரையும் தடுக்கிற மனநிலையில் அவன் இல்லை, தன்னை எப்போது இறக்குவார்கள் என்றுதான் கேட்டான். தோட்டத்துக் குளம் எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர்.

கஸ்பார் குளம் இருந்த இடத்தில் இறங்கித் தடவினார். வெள்ளம் அடித்துக்கொண்டு போன இடம், ஒன்றும் அகப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தார். கட்டடத்தின் படிகளுக்கு மேல், திறந்திருந்த கதவுக்குள், தண்ணீர் அசையாமல் நின்றது. இறால் நீரோட்டத்துக்குப் பயந்து அசையாத தண்ணீரில்தான் ஒதுங்கும். அது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“தலிவரே,” என்றார், “உள்ளார புடிச்சா பாட்டுல சேருமா?”

நீலமேகம் தாடையைச் சொறிந்தார். இப்படி ஒரு கேள்வி குப்பத்தில் வந்ததே இல்லை. ஆலிஸ் அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெட்டடம் கட்டறதுக்கு மிந்தி அது மடுதான?” என்றார் கடைசியில். “மடுத் தண்ணிதான உள்ள நிக்கிது? எறங்கு. கரைக்கு ஒன்னு வந்தாலும் பாடு உன்னுது.”

உள்ளே இயக்குநர் அன்பரசன் தன் அறையில் இருந்தார். அன்று வாரியத்தின் ஆண்டுச் சாதனைக் கூட்டம். தலைநகரில் இருந்த சிறப்பு விருந்தினரோடு செல்போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும். வெள்ளத்துக்காகக் கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று ராமசெல்வி கேட்டதற்கு, தள்ளிவைத்தால் வெள்ளம் வந்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார். அவள் பாதி மாடிப்படியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். இயக்குநர் சுழல் நாற்காலியில், முழங்கால்வரை தண்ணீரில், மேலே மட்டும் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். போன் மேசை மேல் சாய்த்து வைத்திருந்தது.

“உணவு இரண்டு மடங்கு பெருகியிருக்கிறது, இயற்கை இரண்டு மடங்கு பெருகியிருக்கிறது” என்று படித்துக்கொண்டிருந்தார். “உணவு இருக்க வேண்டிய இடத்தில் உணவும், இயற்கை இருக்க வேண்டிய இடத்தில் இயற்கையும் இருக்கின்றன. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழைவது என்ற பேச்சுக்கே இன்று எண்ணூரில் இடமில்லை.”

கஸ்பார் அறைக்குள் முட்டிபோட்டு நகர்ந்து வந்தார். அலமாரிக்கு அடியில் தடவினார். ஒன்று அகப்பட்டது. குப்பைக்கூடைக்குப் பின்னால் இரண்டு. அவர் கைகளுக்கு அது என்ன இடம் என்ற கவலையே இல்லை, சேறு தெரிந்த கைகள் அவை. வாசலில் ஆலிஸ் எண்ணிக்கொண்டே இருந்தாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சத்தமாக.

“அன்பரசன்,” என்றது போன், “உங்க பின்னால ஏதோ நடமாடுதே?”

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். கஸ்பாரை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வாரியத்தில் பதிவான உண்மையையே சொல்லிவிட்டார்.

“இயற்கை, சார்.”

“ஆபீசுக்குள்ளயா? என்ன பண்ணுது அங்கே?”

இயக்குநர் போனைக் கவிழ்த்து வைக்கக் கையை நீட்டினார். அதற்குள் கஸ்பார் மேசையைச் சுற்றி வந்துவிட்டார். பறிக்கயிற்றைக் கையில் மாற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“சார், இன்னிக்கி என் பாடு” என்றார் மரியாதையாக. “காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

இயக்குநர் தூக்கினார். அன்று பிடித்ததிலேயே பெரியது அந்த நாற்காலிக்கடியில்தான் இருந்தது.